முதிர்கன்னி: ஒரு சொல் வந்த வழி

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கருத்துக்களத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பது ஒரே ஒரு சொல்: ‘முதிர்கன்னி’. அது வசைச்சொல்லா, வெறும் அடையாளச் சொல்லா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

பத்து காஜா வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலோ, கோயில் அன்னதானப் பந்தியிலோ முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தால் போதும், பக்கத்து நாற்காலியிலிருந்து “இன்னும் ஆகலையாம்மா?” என்று கேள்வி வரும். யார் வீட்டுப் பெண், என்ன வேலை செய்கிறாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவள் எழுந்து போன பின், ‘முத்திப் போச்சு’ என்று வெண்டைக்காயைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்கள். அதே கருத்துக்கு எழுத்தில் போட்ட பட்டுச் சட்டைதான் ‘முதிர்கன்னி’.

மலாய்மொழியில் இதற்கு ‘அந்தார்து’ என்று பெயர். அனாக், டாரா, துவா என்ற மூன்று சொற்களைச் சுருக்கிச் செய்தது. வயதாகிவிட்ட கன்னிப்பெண் என்று பொருள். கேலிக்காரர்கள் அதோடும் நிற்கவில்லை. ‘அனாக் டாரா லஞ்சுட் ஊசியா’ என்பதைச் சுருக்கி, ஸ்பெயின் நாட்டு மாநிலத்தின் பெயர்போல ‘அண்டலூசியா’ என்று ஆக்கினார்கள். மலாய்க்காரர்கள் ஆணையும் விட்டுவைக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். மணமாகாமல் வயதேறிய ஆணுக்கு ‘பூஜாங் தெர்லாஜாக்’ என்று பெயர். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டி ஓடிவிட்ட வாலிபன் என்று பொருள். கேலியிலும் ஆண் ஓடிக்கொண்டிருக்கிறான், பெண் மூத்துப்போகிறாள். தமிழில் அந்த அளவு கேலிகூட ஆணுக்குக் கிடையாது. அவன் பிரம்மச்சாரி. மிஞ்சிப் போனால் ‘கட்டைப் பிரம்மச்சாரி’. ஏதோ விரதம் காத்தவனைப் போன்ற மரியாதை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி சொல்லின் பிற்பகுதியான ‘கன்னி’க்கு வருவோம். வடமொழியின் ‘கன்யா’விலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. கனிஷ்டன், அதாவது இளையவன், என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு உண்டு. தமிழ்ச் சொல்லே என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: இளமை, புதுமை. திருமணத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அன்றாடப் பேச்சே இதற்குச் சாட்சி. கார்த்திகை மாதம் பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்கு முதல்முறை போகிறவருக்குக் ‘கன்னிச்சாமி’ என்று பெயர். அவருக்கு அறுபது வயது இருக்கலாம், நாலு பேரப்பிள்ளைகள் இருக்கலாம். இருந்தாலும் அவர் கன்னிச்சாமிதான். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். எந்தப் பகைவனாலும் இதுவரை கைப்பற்ற முடியாத கோட்டைச் சுவரைக் ‘கன்னி மதில்’ என்று பழந்தமிழர் சொன்னார்கள். ‘குமரி’யும் இப்படிப்பட்ட சொல்தான். சித்த வைத்தியத்தில் குமரி என்றால் சோற்றுக்கற்றாழை. பிடுங்கிப் போட்டாலும் வாடாமல் பசுமையாகக் கிடக்கும் அந்தச் செடிக்குக் குமரி என்ற பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் ‘கன்னித்தமிழ்’ என்ற சொல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு மொழியைக் கன்னி என்று அழைக்கிறோம். மூப்பு வராதவள், அழிவு இல்லாதவள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஈராயிரம் ஆண்டு கன்னியாக இருப்பது தமிழுக்குப் பெருமை. முப்பத்தைந்து ஆண்டு கன்னியாக இருப்பது பெண்ணுக்கு இழுக்கு. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம்.

தெய்வங்களின் கதையும் இப்படித்தான். தமிழகத்தின் தென்முனையில் நிற்பவள் கன்னியாகுமரி. கன்னி, குமரி என்று ஒரே பொருளை இரண்டு முறை சொல்லும் பெயர் அது. பாணாசுரனைக் கொல்ல ஒரு கன்னியால்தான் முடியும் என்பதால் அவள் திருமணம் நடக்காமல் போயிற்று என்பது தலபுராணம். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட ஈசன் பாதி வழியில் கோழி கூவியது கேட்டுத் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசி மணலாகிவிட்டது என்று இன்றும் கடற்கரையில் வண்ண மணலைக் காட்டுவார்கள். கதை ஒரு பக்கம் இருக்க, வரலாற்றுச் சான்று ஒன்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் கையேடு குமரி முனையைக் குறிப்பிடுகிறது. ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடி, மணவாழ்க்கையைத் துறந்து தங்கிவிடுகிறார்கள் என்று அது சொல்கிறது. ஆண்களும், பெண்களும். மணமுடிக்காமல் இருப்பதைத் தாங்களே தேர்ந்துகொண்ட பெண்கள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்திருக்கிறார்கள்.

சபரிமலையிலேயே இன்னொருத்தி காத்திருக்கிறாள். மாளிகைப்புறத்தம்மன். கன்னிச்சாமி ஒருவர்கூட மலைக்கு வராத ஆண்டில் உன்னை மணப்பேன் என்று ஐயப்பன் சொன்னதாகக் கதை. ஆண்டுதோறும் அவள் சரங்குத்தி வரை எழுந்தருளி, கன்னிச்சாமிகள் குத்திவிட்டுப் போன சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். ‘கன்னி’ என்ற பெயரோடு ஆண்கள் மலையேறுவது நிற்காததால் ஒரு பெண் தெய்வத்தின் கல்யாணம் நடக்கவில்லை!

பத்து காஜாக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்த்திருப்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் மாளிகை கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டித் தந்த கோயில் அது. கோயிலின் மேல் தளத்தில் தெய்வச் சிலைகளோடு ஸ்மித்துக்கும் ஒரு சிலை நிற்கிறது. உள்ளே இருக்கும் மாரியம்மன் பக்கத்தில் கணவர் இல்லை. கிராமத் தெய்வமாக மாரி பெரும்பாலும் தனித்தே நிற்பவள். ஆனால் ஒரு தோட்டத்துக்காரரும் அவளை முதிர்கன்னி என்றதில்லை. ‘ஆத்தா’ என்றார்கள். காய்ச்சல் வந்தால் அவளிடம்தான் ஓடினார்கள்.

தெய்வம் வேறு, மனுஷி வேறு என்று சிலர் சொல்லக்கூடும். சரி, மனுஷிக்கே வருவோம். பெண்ணின் பருவங்களைத் தமிழ் இலக்கணம் ஏழாகப் பிரித்தது. பேதை ஐந்து வயது முதல் ஏழு வரை. பெதும்பை எட்டு முதல் பதினொன்று. மங்கை பன்னிரண்டும் பதின்மூன்றும். மடந்தை பத்தொன்பது வரை, அரிவை இருபத்தைந்து வரை, தெரிவை முப்பத்தொன்று வரை, பேரிளம்பெண் நாற்பது வரை. அளவுகோல் வயதுதான், கழுத்தில் தாலி இருக்கிறதா என்று இந்தப் பட்டியல் கேட்பதில்லை. நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது கொடுக்கும் பெயரிலும் ‘இளம்’ இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு பழந்தமிழர் பெண்ணைப் பூஜித்தார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம். இந்த ஏழு பருவமும் உலா இலக்கியத்துக்கு உரியவை. அரசன் வீதியில் போகிறான், ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆண் புலவன் ஆண் தலைவனுக்காகப் போட்ட கணக்கு. நாற்பதுக்கு மேல் பட்டியலே கிடையாது என்பதும் கவனிக்க வேண்டியது. இருந்தாலும் இந்த வரிசையில் எங்கே தேடினாலும் முதிர்கன்னிக்கு இடமில்லை.

தமிழர் கொண்டாடும் பெண்களிலேயே மணமாகாதவர்கள் குறைவில்லை. முதலில் நினைவுக்கு வருபவர் ஔவையார். கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டார் என்று பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்? வயது ஏறினால் கல்யாணம் ஆகாதே என்று இன்றைய பெற்றோர் கவலைப்படுகிறார்கள். ஔவை அந்த வயதையே வரமாகக் கேட்டு வாங்கினார்.

இன்னொருவர் பெரியபுராணத்தில் வரும் திலகவதியார். திருவாமூர்க்காரர். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்துபோனார். பெற்றோரும் இல்லை. உயிரை விடத் துணிந்த திலகவதியைத் தம்பி மருள்நீக்கியார் அழுது தடுக்கிறார். தம்பிக்காக அவர் உயிரோடு இருந்தார், கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அந்தத் தம்பிதான் பிற்காலத்தில் அப்பர் சுவாமிகள். அக்காள் இல்லையென்றால் அப்பரும் இல்லை, அவர் தேவாரமும் இல்லை. திலகவதியாரை இங்கே நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. பேராக் தோட்டங்களில் திலகவதிகள் பலர் இருந்தார்கள்.

தோட்டத்துக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் 1,000 இந்திய ஆண்களுக்குச் சுமார் 300 பெண்களே இருந்தார்கள். பெண்கள் இவ்வளவு குறைவாக இருந்த லயங்களில் மணமாகாமல் வயதேறும் பெண் அபூர்வம். அந்தக் காலத்துத் தோட்டத் தமிழுக்கு முதிர்கன்னி என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது. வந்த பெண் வேலைக்காரியாக வந்தாள். பெரட்டுக்குப் போனாள், மரம் வெட்டினாள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வாளி தூக்கினாள். 1920களின் இறுதியில் அரசாங்கம் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. செக்ரோலில் அவள் பெயருக்கு எதிரே எழுதியது அவள் கூலிதான். அது குறைத்து எழுதப்பட்டது என்பது வேறு விஷயம்.

பிறகு குடும்பங்கள் பெருகின. ஆண் பெண் தொகை ஏறக்குறையச் சமமாயிற்று. ஒரு லயத்து வீட்டில் ஏழு பிள்ளை, எட்டுப் பிள்ளை. தகப்பனார் குடித்தார், அல்லது சீக்கிரம் செத்துப்போனார். மூத்த பெண் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தாயோடு வெட்டுக்குப் போனாள். ஒரு தம்பி படித்து ஆசிரியரானான், இன்னொருவன் ஈப்போவில் குமாஸ்தா ஆனான், தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாரையும் கரையேற்றிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது வயது நாற்பது. பெரிய எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக விற்கப்பட்ட 1950, 60களிலும், ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்த பிற்காலத்திலும் முதலில் வேலை இழந்தவர்களில் இந்த அக்காள்களும் உண்டு. தம்பி வாங்கிய தாமான் வீட்டின் பின்னறைக்கு அவள் குடிபெயர்ந்தாள். அண்ணிமார், நாத்தனார், தம்பி பிள்ளைகள் என்று எல்லாருக்கும் சமைத்துப் போட்டாள். அவள் கூலியில் படித்த தம்பியின் பிள்ளைகள், “பெரியத்தைக்கு ஏன் கல்யாணம் ஆகல?” என்று கேட்டபோது வீட்டில் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவளுக்குக் கொடுத்த பெயர்தான் முதிர்கன்னி. அவள் செய்தது எதுவும் அந்தப் பெயரில் இல்லை. நடக்காத ஒரே ஒரு காரியம் மட்டும் இருக்கிறது.

இந்தச் சொல்லை எழுத்தில் பரப்பியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தில் வந்த கவிதைகளும் சிறுகதைகளும்தான். வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக அவை பரிந்து பேசின. நோக்கம் நல்ல நோக்கம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சமுதாயத்தைச் சாட எடுத்த சொல் அந்தப் பெண்ணின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. பரிதாபத்துக்காகச் செய்த சொல் பந்தியில் பட்டப்பெயராயிற்று. அறிவு முதிர்ந்தால் முதிர்ச்சி என்று பாராட்டுகிறோம். நெல் முதிர்ந்தால் அறுவடைக்குத் தயார். ‘முதிர்’ என்ற நல்ல சொல்லும் ‘கன்னி’ என்ற நல்ல சொல்லும் சேர்ந்த இடத்தில் மட்டும் அவமானம் பிறக்கிறது.

மணமாகாத பெண்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட வரலாறும் பேராக் மக்களுக்கு அந்நியமில்லை. ஈப்போ முதலான ஊர்களில் வசதியான சீனர் வீடுகளிலும் ஐரோப்பிய அதிகாரிகள் வீடுகளிலும் வேலை செய்த அமாக்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. இவர்களில் பலர் தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்துப் பட்டு நெசவு வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். அங்கே பட்டாலையில் சம்பாதித்த பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்தன்று மணப்பெண்ணின் பின்னலை அவிழ்த்து மூத்தவள் ஒருத்தி கொண்டை போட்டுவிடுவாள். திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்தவள் சாமி முன்னால் சபதம் செய்து, அந்தக் கொண்டையைக் கல்யாணம் இல்லாமலேயே போட்டுக்கொள்வாள். அன்று முதல் அவள் ‘தானே சீவிக்கொண்டவள்’. சீன மொழியில் அவர்களுக்கு அதுதான் பெயர். 1930களில் பட்டுத் தொழில் படுத்துவிட்டது. 1933இல் மலாயாவுக்கு வரும் சீன ஆண்களின் தொகைக்கு அரசாங்கம் வரம்பு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் ஏராளமான பெண்கள் கப்பலேறினார்கள். அவர்களும் தம்பி தங்கைகளுக்குப் பணம் அனுப்பியவர்கள்தான். தோட்டத்து அக்காளுக்கும் அவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பெயரில்தான். அவர்களுடைய பெயரில் ஒரு முடிவு இருக்கிறது, அதை எடுத்தவள் இருக்கிறாள்.

ஆங்கிலேயன் கதை இதற்கு நேர் எதிர். ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற சொல்லுக்கு முதலில் நூல் நூற்பவள் என்றே பொருள். கௌரவமான தொழில் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அது மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. பிறகு ஏளனச் சொல்லாயிற்று. ஆங்கிலச் சட்ட வழக்கப்படி எழுதிய பழைய உயில்களிலும் பத்திரங்களிலும் ஆண் பெயரை அடுத்து அவன் தொழில் இருக்கும்: வியாபாரி, விவசாயி. பெண் பெயரை அடுத்து ஸ்பின்ஸ்டர், மனைவி, விதவை இந்த மூன்றில் ஒன்று இருக்கும். பெண்ணுக்குத் தொழில் இருந்தாலும் அது அங்கே வராது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2005ஆம் ஆண்டு இறுதியில் திருமணப் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டன. பிரான்ஸ் 2012இல் ‘மத்மொசேல்’ என்பதை அரசாங்கப் பத்திரங்களிலிருந்து எடுத்துவிட்டது. மேற்கு ஜெர்மனி 1970களின் தொடக்கத்திலேயே ‘ஃப்ராய்லைன்’ என்பதை அலுவலக வழக்கிலிருந்து விலக்கியிருந்தது.

மலேசிய அரசாங்கப் பாரங்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. திருமணத் தகுதி என்ற இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்: ‘பூஜாங்’. ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஒரு கூர்மை உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் கட்டிய தாலி சட்டத்துக்கும் தாலி. அதற்குப் பின் முறைப்படி பதியாவிட்டால் அது திருமணமே இல்லை. கோயிலில் தாலி கட்டிப் பிள்ளை பெற்று, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்கூட, பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் பாரத்தில் ‘பூஜாங்’தான். கணவர் இறந்து, சேமநிதிப் பணத்துக்காகவோ சொக்சோ உதவித்தொகைக்காகவோ முகப்பிடத்தில் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. தாலிகட்டிய அன்றே பதிவை முடித்துக்கொள்ளுங்கள் என்பதை நேயர்கள் இந்த உரையின் வழியில் வந்த ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழக்குக்குத் திரும்புவோம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை செல்வன், பெண் செல்வி. மூத்த பிள்ளை என்றால் திருவளர்ச்செல்வி, கடைசிப் பிள்ளை என்றால் திருநிறைச்செல்வி என்பார்கள். அங்கே இருவரும் சமம்தான். பத்திரிகைக்கு வெளியே நிலைமை மாறிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகும் ஆண், கல்யாணம் ஆகாவிட்டாலும் ‘திரு’ ஆகிவிடுகிறார். ஐம்பத்தைந்து வயதில் தலைமையாசிரியையாக ஓய்வு பெறுகிறவர் பாராட்டு மடலிலும் ‘செல்வி’தான். ஆண் வயதால் பெரியவனாகிறான். பெண் கணவனால்தான் பெரியவளாகலாம். மலேசியப் பெண்களின் சராசரி முதல் திருமண வயது 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே 25ஐத் தாண்டிவிட்டது. செல்வியாக இருக்கும் காலம் நீண்டுகொண்டே போகிறது.

இந்த முடிச்சைத் தமிழ்நாட்டு அரசியல் வேடிக்கையாக அவிழ்த்தது. 1991இல் முதலமைச்சரான ஜெயலலிதாவை அரசாங்க ஏடுகள் ‘மாண்புமிகு செல்வி’ என்று எழுதின. மக்கள் ‘அம்மா’ என்றார்கள். 2016இல் மறையும்வரை இரண்டும் கூடவே இருந்தன. யாருக்கும் முரணாகத் தெரியவில்லை. மாரியம்மனைக் கும்பிட்டுப் பழகிய ஜனங்களுக்கு அது பழக்கப்பட்ட விஷயம்தான்.

சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். இந்த நாட்டிலேயே மாற்றியிருக்கிறார்கள். கணவனை இழந்தவளையும் பிரிந்தவளையும் ‘ஜண்டா’ என்று இழுத்துப் பேசிய இடத்தில் ‘இபு துங்கால்’ வந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் ‘தனித்து வாழும் தாய்’ என்று எழுதத் தொடங்கின. சொல் மாறியதும் உதவித்தொகைத் திட்டங்களும் அந்தப் பெயரிலேயே வந்தன. மணமாகாத பெண்ணுக்குப் புதிய சொல் தேடிக்கூட அலைய வேண்டாம். ‘திருவாட்டி’ என்ற பழைய சொல் கையிலேயே இருக்கிறது. திருவாளருக்கு இணையான சொல். மணமானவளா இல்லையா என்று அது சொல்வதில்லை. இப்போது பெரும்பாலும் மணமானவருக்கே போடுகிறார்கள். கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் அடுத்த அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பும்போது, பட்டியலில் உள்ள செல்விகளில் நாற்பதைத் தாண்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். செல்வி என்றே இருக்கட்டும் என்பவர்கள் இருப்பார்கள், திருவாட்டி என்று போடச் சொல்பவர்களும் இருப்பார்கள். பெயருக்கு முன் ஒன்றுமே வேண்டாம், பெயருக்குப் பின் ‘ஓய்வுபெற்ற தாதி’ என்று போடுங்கள் என்று சொல்பவரும் இருக்கக்கூடும்.